அக்காவின் தோள்நோ

துடக்கு நின்று ஒரு வருடம் நிறைந்தபோது அக்கா பாயாசம் காய்ச்சினார். பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவ மாதுவாக நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறேன். மாதவிலக்கு நின்றதற்காகப் பாயாசம் குடித்தது அந்த ஒரே தடவைதான். என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் அந்தக் கதையை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் சொல்வார்கள். உடம்பு காந்துகிறது, நித்திரை இல்லை, இனி நாங்கள் கிழவிகள் என்பார்கள். அக்காவோ அரசாங்க வேலை கிடைத்தவர் போல இருந்தார். அதற்குக் காரணம் எங்கள் ஊர் அம்மன் கோவில்.

கனகராயன்குளத்தில் பெரிய வீதியை விட்டு இறங்கி, காட்டுப் பாதையால் அரைமணி நேரம் சைக்கிள் மிதித்தால் எங்கள் ஊர் வரும். ஒரு சின்னக் குளம், அதன் கட்டுக்குக் கீழே கோவில், அதைச் சுற்றி வயல். வைகாசிப் பொங்கலுக்கு முதல் நாள் அந்தக் கோவில் முற்றத்தில் ஐந்து பெண்கள் நெல் குத்துவார்கள். அந்த அரிசிதான் அம்மாளின் வளந்தில், அதாவது பொங்கல் பானையில், போகும். குத்துகிறவர்கள் துடக்கு முற்றாக நின்றவர்களாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் சட்டம். தாலி இருக்கிறதா, பிள்ளை இருக்கிறதா, காணி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். முப்பத்திரண்டு வயதில் அத்தானைப் பறிகொடுத்தவர். பிள்ளைகளும் இல்லை; எங்களோடுதான் இருந்தார். அதன் பிறகு ஊரில் நடந்த அத்தனை கலியாணங்களுக்கும் பலகாரம் சுட்டவர் அவர்தான். தாலி கட்டுகிற நேரம் குசினிக்குள் நின்றவரும் அவர்தான். யாரும் போ என்று சொல்வதில்லை. அவரே போய்விடுவார். அப்படி இருபது வருடம் பின்னுக்கு நின்ற ஒரு மனுசிக்கு ஊர் முழுக்கப் பார்க்க அம்மாளின் முன்னால் உலக்கை பிடிக்கக் கிடைத்தால் பாயாசம் காய்ச்சாமல் என்ன செய்வார்? முதல் வருடம் குத்திவிட்டு வந்து, உள்ளங்கையில் எழும்பிய கொப்புளங்களை எனக்கும் என் மகளுக்கும் மாறி மாறிக் காட்டினார்.

அதே வருடம் நானும் அக்காவுக்கு ஒரு காரியம் செய்தேன். எங்கள் வேலையில் ஒரு பதிவேடு உண்டு. பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். யார் கர்ப்பம், யாருக்கு ஊசி, யார் கருத்தடைக் குளிசை எடுக்கிறார் என்று வீடு வீடாகப் போய் எழுதுவோம். வயது தாண்டியதும் பெயரை வெட்டிவிடுவோம். பிள்ளை இல்லாத விதவை என்றாலும் என் அக்கா என்பதற்காக அவர் பெயரை நான் அதுவரை வைத்திருந்தேன். அந்த வருடம் சிவப்புப் பேனையால் கோடு கீறினேன். அக்கா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு சிரித்தார். "அப்ப இனி எனக்கு நோய் வருத்தமே வராதோடி?" என்று கேட்டார். "வந்தாலும் எழுத இடமில்லை, அக்கா" என்றேன். பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

இரண்டாம் வருடமும் அக்கா நெல் குத்தினார். மூன்றாம் வருடம் பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்க, பூசாரியாரின் ஆள் சொல்ல வந்தபோது, தனக்குத் தோள்நோ, உலக்கை தூக்க ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"ரெண்டு வருசத்தில அம்மாளே அலுத்துப்போட்டாவோ?" என்று நான் நக்கலடித்தேன்.

"தோள் நோகுதெண்டு சொல்லுறன். நோகிற எனக்கெல்லோ தெரியும்" என்று அக்கா சீறினார்.

அவர் சீறுகிறவர் அல்ல. நான்தான் சீறுகிறவள். அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போனவர் போவதை நிறுத்தினார். குண்டு போடுகிற பொம்பர் வருகிற காலம், கூட்டம் கூடுகிற இடத்துக்குப் போகப் பயம் என்றார். அந்தக் காலத்தில் அதைவிட நல்ல சாட்டு யாருக்கும் கிடையாது. வெளிறிய சீலை தவிர வேறு தொடாதவர், என்னுடைய பழைய கடும் மண்ணிறச் சீலை ஒன்றைக் கேட்டு வாங்கி உடுத்தினார். எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகாவது ஊருக்குப் பயப்படாமல் நிறம் உடுக்கத் துணிந்தாரே என்று நினைத்து, இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தேன். நாரி உளைகிறது என்று எண்ணெய் கேட்டார். கிணற்றடியில் தண்ணீர் அள்ளுகிற இடுப்பு உளையாமல் என்ன செய்யும் என்று நானே பூசிவிட்டேன்.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு இதெல்லாம் படிப்பித்தார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயாக இருக்கலாம், அப்படி இல்லை என்று டொக்டர் பார்த்துச் சொல்லும்வரை விடக்கூடாது. இன்னும் விலக்கு நிற்காத பெண்களுக்கு இரண்டு துடக்குக்கு இடையில் படலாம், புருசனோடு சேர்ந்த பிறகு படலாம். கெட்ட மணத்தோடு வெள்ளை போகும். நாரியும் அடிவயிறும் உளையத் தொடங்கினால் ஏற்கனவே சுணங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு பிழை இல்லாமல் ஒப்புவித்து, பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுத்தேன். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த ஆவணியில் சவர்க்காரம் கண்ணிலும் காணக் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துக்கு அரசாங்கம் போட்ட தடை. வவுனியாவிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. நாங்கள் எல்லாரும் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். ஊத்தை போகும், ஆனால் மணம் போகாது. கொடியில் காய்கிற உடுப்பை மாடு வந்து சப்பும். பனம்பழக் காலத்தில் அரைவாசிச் சட்டையோடு திரிந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் இருந்தார்கள்.

ஒருநாள் காலை, நான் கிளினிக்குக்கு வெளிக்கிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, பக்கத்து வளவு மாடு எங்கள் பின்வேலியோடு நின்று எதையோ சப்பிக்கொண்டு நின்றது. வாயில் ஒரு துணி தொங்கியது. என்ன உடுப்புப் போகிறதோ என்று ஓடிப்போய் இழுத்தேன். கிழித்து மடித்துத் தைத்த பழஞ்சீலைத் துண்டு. வேலிக் கிடுகுக்குள் இன்னும் நாலைந்து செருகியிருந்தன. தோய்த்தும் கறை போகவில்லை. பனம்பழ மணத்துக்கு அடியில் இன்னொரு மணம் இருந்தது. வேலையில் அந்த மணத்தை இரண்டு தடவைதான் சந்தித்திருக்கிறேன். இரண்டு பேரும் இப்போது இல்லை.

வீட்டில் இருந்த பெண்கள் மூன்று பேர். எனக்கு அது போன கிழமைதான் முடிந்திருந்தது. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது உன்ர சீலைத்துண்டோ, பிள்ளை?"

"இல்லையம்மா. நான் வேலியில காயப்போடுறதில்லை."

அவள் சொல்லி முடிக்க முதலே எனக்கு விளங்கிவிட்டது. துண்டோடு கிணற்றடிக்குப் போனேன். அக்கா பாத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தார். என் கையில் துண்டைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

"அதை இஞ்ச தா" என்றார்.

"எப்ப இருந்து, அக்கா?"

"துடக்கு திரும்பி வந்திட்டுதடி. வெக்கக்கேடு. இந்த வயதில ஆருக்கும் வருமே? ஊருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவினம்?"

"எப்ப இருந்தெண்டு கேக்கிறன்."

"வைகாசியில இருந்து."

"துடக்கு திரும்பி வராது, அக்கா. ஒருக்கா நிண்டால் நிண்டதுதான். இது வருத்தம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்காத மாதிரி உயர்ந்துவிட்டது. "என்னட்டச் சொல்லாமல் வேற ஆரிட்டச் சொல்லப்போறீங்கள்? நான் என்ன, ஊருக்கு மட்டுமே மருத்துவிச்சி?"

அக்கா குனிந்து திரும்பவும் பாத்திரம் மினுக்கத் தொடங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்த்தவர் அவர். என் சோற்றுக் கோப்பையில்தான் மறைத்தார். நான் கவனிக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக, இந்தப் பக்கத்து இயக்கத்தின் பாஸ் எடுக்கப் பதினொரு நாள் ஆனது. ஓமந்தைவரை சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு உழவு இயந்திரப் பெட்டியில் போனோம். அதற்கப்பால் ஒருவருக்கும் சொந்தமில்லாத சூனியப் பகுதி. சைக்கிள் பின்கரியரில் தலையணையை வைத்து அக்காவை இருத்தி, நான் உருட்டிக்கொண்டு நடந்தேன். அந்தப் பக்கத்தில் திரும்பவும் விசாரணை, திரும்பவும் பாஸ். ஆமிக்காரன் பையைக் கொட்டிச் சோதித்தபோது சீலைத்துண்டுகள் மேசையில் விழுந்தன. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அவன் தானே எடுத்துப் பைக்குள் வைத்தான்.

ஆஸ்பத்திரியில் சோதித்த டொக்டர் ஒரு பெண். எவ்வளவு காலமாகப் படுகிறது என்று கேட்க, அக்கா மூன்று மாதம் என்றார். டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"நீங்கள் மிட்வைஃப் எல்லே? மூண்டு மாசத்தில இவ்வளவு பரவாது. ஒரு வருசமாவது இருக்கும். அப்பவே வந்திருந்தால் கருப்பையை எடுத்துவிட்டிருக்கலாம். அதோட முடிஞ்சிருக்கும்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று இருந்தது எனக்கு. ஏசியிருந்தால் இன்னும் நல்லது.

அக்கா கொழும்புப் பக்கம் போய், புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிழமைக்கணக்காகக் கரண்ட், அதாவது கதிர்ச் சிகிச்சை, பிடித்துக்கொண்டு வந்தார். இரத்தம் நின்றது. உடம்பு பாதியாகிவிட்டது, ஆனால் வாய் பழையபடி கதைத்தது. சிங்களத்தில் நாலு சொல் பழகிவந்து மகளை வெருட்டினார். அந்த மாதங்களில் நான் வேறு ஆளாகிவிட்டேன். வெட்டிய பெயர்களையெல்லாம் இன்னொரு கொப்பியில் எழுதி, வயது போன பெண்களின் வீடுகளுக்குப் போனேன். சுகமோ, பிரச்சினை ஏதும் உண்டோ என்று சுற்றி வளைத்துக் கேட்டால் எல்லாரும் சுகம் என்றுதான் சொல்வார்கள். அதனால் நேராகவே கேட்டேன். "இரத்தம் படுகுதோ? ஒரு துளியெண்டாலும்? சீலையில மணக்குதோ? கோயிலுக்கு ஏன் போறேல்லை?" சிலர் படலையைச் சாத்தினார்கள். ஒருத்தி, அக்காவுக்கு வந்ததும் இவளுக்கு விசர் பிடித்துவிட்டது என்றாள். ஆனால் குளத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மனுசி, நான் கேட்டதும் ஓம் என்று சொல்லி அழத் தொடங்கினார். இரண்டு மாதமாக மறைத்திருந்தார். நேரத்தோடு போனார், ஒப்பரேசன் செய்தார்கள், பிழைத்துவிட்டார். அவரை வழியில் காணும்போதெல்லாம் எனக்குச் சந்தோசமும் வரும், எரிச்சலும் வரும்.

அடுத்த தையில் அக்காவுக்கு வருத்தம் திரும்பியது. இந்த முறை கால் வீங்கியது. இன்னொரு பயணம் தாங்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். விறாந்தையில் கட்டிலைப் போட்டோம். ஒரு பின்னேரம், நான் உடம்பு துடைத்துக்கொண்டிருக்க, அக்கா என் கையைப் பிடித்தார்.

"நான் வைகாசியெண்டு சொன்னது பொய்யடி. அதுக்கு முதல் வைகாசி. ரெண்டாந்தரம் நெல்லுக் குத்தின அண்டைக்கே பட்டிட்டுது. வீட்டை வந்து சீலையை அவிழ்க்கத்தான் கண்டனான். அம்மாளின்ர அரிசியைத் துடக்காக்கிப்போட்டன். ஊரே அதைத்தான் பிரசாதமெண்டு திண்டது. அந்த வருசம் மழையும் பிழைச்சது, குண்டும் விழுந்தது. எல்லாம் என்னாலதான். இந்த வருத்தமும் அவள் தந்த தண்டனைதான். நான் சாகமுதல் நீ பூசாரியாரிட்டப் போய்ச் சொல்லு. அவர் ஏதும் பரிகாரம் செய்யட்டும்."

ஒன்றரை வருடம் ஒரு பாவத்தைத் தனியே சுமந்துகொண்டு என் வீட்டுக்குள் உலாவியிருக்கிறார். பாவம் என்று நினைத்ததால் மறைத்தார். வருத்தம் என்று நினைத்திருந்தால் சொல்லியிருப்பார். தண்டனையுமில்லை, மண்ணுமில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அடுத்த நாள் பூசாரியாரிடம் போனேன்.

பூசாரியார் எழுபது வயது தாண்டியவர். வரம்பில் புல் செருக்கிக்கொண்டு நின்றார். நான் சொல்லத் தொடங்கிப் பாதியில் திக்கிக்கொண்டு நிற்க, அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும், மிஸ்ஸி. நான் அண்டைக்கே கண்டனான்."

"எதை?"

"அவ இருந்து அரிசி புடைச்ச சாக்கில பட்டிருந்தது. எல்லாரும் போனாப்பிறகு சாக்கை எடுத்து எரிச்சுப்போட்டன். அரிசி முழுக்கக் குளத்து மீனுக்குக் கொட்டிப்போட்டு, என்ர மனுசி வீட்டில குத்தி வச்சிருந்த அரிசியைக் கொண்டுவந்து பொங்கினன். ஒரு குஞ்சுக்கும் சொல்லேல்லை."

அவர் என்னைப் பாராமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தாலியறுத்த பிள்ளை. ஊர் அவவை முன்னுக்கு விட்டது அந்த ஒரு இடத்திலதான். அதையும் நான் பறிக்கிறதே?"

"என்னட்டயாவது சொல்லியிருக்கலாமே, பூசாரியார். நான் மருத்துவிச்சியெல்லே."

"ஒரு ஆம்பிளை வந்து, உன்ர அக்காவின்ர சீலையில இரத்தம் பட்டிருக்கெண்டு எப்பிடி மிஸ்ஸி சொல்லுறது?"

நான் அவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவர் எங்கள் ஊரிலேயே நல்ல மனிதர். அவர் இடத்தில் வேறு யார் இருந்தாலும் சந்திக்குச் சந்தி சொல்லி அக்காவைச் சந்தி சிரிக்க வைத்திருப்பார்கள். அப்படி ஒருவன் கண்டிருந்தால் கதை அன்று மாலையே என் காதில் விழுந்திருக்கும். அக்கா வெட்கத்தில் நாலு மாதம் அழுதிருப்பார். பிறகு உயிரோடு இருந்திருப்பார். சைக்கிளை உருட்டிக்கொண்டு குளக்கட்டால் வரும்போது இதை யோசித்து யோசித்து எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. நல்லவர்களின் வாய் மூடியிருந்ததால் என் அக்கா சாகிறார் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். பூசாரியார் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கண்டதை, சாக்கை எரித்ததை, அரிசி மாற்றியதை எல்லாம்.

"அப்ப அந்த அரிசி வளந்துக்குள்ள போகேல்லையோ?"

"இல்லை, அக்கா."

"ஒருதரும் திண்ணேல்லையோ?"

"இல்லை."

அக்கா இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்து வைத்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. அப்படி ஒரு சந்தோசத்தை அவர் முகத்தில் நான் கண்டு வருடக்கணக்காயிற்று. "பாத்தியே, அம்மாள் என்னைக் காப்பாத்திப்போட்டாள்" என்றார். கஞ்சி கேட்டுக் குடித்தார். ஒன்பது நாள் கழித்துச் செத்துப்போனார். அந்த ஒன்பது நாளும் முனகல் இல்லை, பயம் இல்லை. வருகிறவர்களிடம் எல்லாம் அம்மாளின் கருணையைத்தான் சொன்னார்.

அன்று கோவில் முற்றத்தில் பட்ட அந்தத் துளிதான் அவரைக் காப்பாற்ற வந்தது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. ஊரெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள், அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, ஓம் அக்கா, ஓம் அக்கா என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.